ஐஸ் வேலைக்கு ஜெர்கின் எடுக்கிறீர்களா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கிரஷர் பக்கத்தில் நிற்பவர், லாஞ்சுப் படகுக்குள் இறங்கி மீன் மேல் ஐஸ் அள்ளிப் போடுபவர், இறால் ஷெட்டில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை வைத்திருக்கும் பெண்கள், மாதவரம், மணலி பக்கம் கோல்ட் ஸ்டோரேஜில் பெட்டி அடுக்கும் லோடுமேன். இந்த நாலு பேரும் குளிருக்கு ஏதாவது வேண்டும் என்று கடைக்குப் போனால் நாலு பேருக்கும் ஒரே ஜெர்கின்தான் வெளியே வருகிறது. பளபளப்பான துணி, உள்ளே பஞ்சு, கழுத்தில் 'மைனஸ் 40' என்று ஒரு அட்டை. இவர்கள் படும் குளிர் வேறு வேறு. அதைவிட முக்கியம், இவர்களை நனைக்கும் ஈரம் வேறு வேறு. ஈரத்தைக் கணக்கில் எடுக்காமல் வாங்கிய ஜெர்கின் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நம் ஊரில் வேலைக்கு ஆகாது.

ஏன் என்று சொல்கிறேன். குளிர் நாடுகளில் வெளியிலும் குளிர், கிடங்குக்குள்ளும் குளிர். இங்கே மே மாதம் கதவுக்கு இந்தப் பக்கம் 38 டிகிரி, அந்தப் பக்கம் மைனஸ் 20. நடுவே கிட்டத்தட்ட 60 டிகிரி வித்தியாசம். லாரியிலிருந்து நாலு பெட்டி இறக்குவதற்குள் பனியன் நனைந்துவிடும். அந்த வியர்வையோடு உள்ளே போனால், உடம்பின் சூட்டைக் குளிர் எடுப்பதற்கு முன்பே நனைந்த பனியன் எடுத்துவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். ஜெர்கினுக்குள் இருக்கும் பஞ்சின் வேலையே காற்றைப் பிடித்து வைப்பதுதான். காற்று இருக்க வேண்டிய இடத்தில் வியர்வை ஏறிவிட்டால் பஞ்சு வெறும் சுமை.

இன்னொரு ஈரம் திரும்பி வரும்போது வருகிறது. மைனஸ் 20-ல் இருந்த ஜெர்கினோடு வெளியே வந்து டீ குடிக்க நிற்கிறீர்கள். நம் கடற்கரைக் காற்றில் உள்ள ஈரம், 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளைத் தொட்டாலும் நீராகப் படியும். ஜெர்கினின் மேல்துணி, ஜிப், கையோரம், கிளவுஸ் எல்லாம் வியர்த்தது போல் நனையும். பத்து நிமிடம் கழித்து அதே உடையோடு உள்ளே போனால் அந்த நீர் உறையும். ஜிப் இறுகும், வெல்க்ரோ ஒட்டாது, கையோரம் விறைக்கும். ஒரு ஷிஃப்டில் ஆறேழு முறை இப்படிப் போய் வந்தால் மாலையில் ஜெர்கின் காலையில் இருந்ததைவிடக் கனமாக இருக்கும்.

அதனால் மேலுடையை முன்னறையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வெளியே வருவதுதான் சரி. பெரும்பாலான கிடங்குகளில் உறைநிலை அறைக்கும் லோடிங் மேடைக்கும் நடுவே 5 டிகிரி, 10 டிகிரியில் ஒரு முன்னறை இருக்கும். அங்கே காற்றில் ஈரம் குறைவு, உடை அவ்வளவாக நனையாது. முன்னறை இல்லாத சின்னக் கிடங்கு என்றால் ஆளுக்கு இரண்டு ஜெர்கின் வைத்து மாற்றி மாற்றிப் போடுவதைத் தவிர வழியில்லை. ஒரே விலைக்கு ஒரு தடித்த ஜெர்கினா, இரண்டு நடுத்தர ஜெர்கினா என்று கேட்டால் தயங்காமல் இரண்டு என்பேன்.

உடம்பை ஒட்டி என்ன போடுவது

ஜெர்கினைப் பற்றிப் பேசும் முன் அதற்குள் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். காட்டன் பனியன் வெயிலில் நல்லது. குளிர் அறைக்குள் அதுதான் பெரிய எதிரி. வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. உடம்பை ஒட்டி பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் தெர்மல் உள்ளுடை போடுங்கள். கம்பளி கலந்தது கிடைத்தால் இன்னும் நல்லது. அது நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், நாற்றமும் சீக்கிரம் பிடிக்காது. உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தெர்மல் என்று விற்பவற்றில் பல, உட்புறம் சுரண்டிவிட்ட வெறும் காட்டன். உள்தையலில் இருக்கும் துணிப் பட்டையைப் படித்துப் பாருங்கள். காட்டன் 60 சதவீதம், 100 சதவீதம் என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். விளையாட்டுக் கடைகளில் விற்கும் சாதாரண பாலியெஸ்டர் முழுக்கை டி-ஷர்ட் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

இது போதாத இடத்தில் நடுவில் ஒரு ஃபிளீஸ், அதாவது மெத்தென்ற பாலியெஸ்டர் மேல்சட்டை. முன்பக்கம் முழு ஜிப் வைத்ததாக இருக்கட்டும். தலை வழியாகப் போடும் ஸ்வெட்டரைச் சூடு ஏறும்போது திறந்துவிட முடியாது.

லோடிங் மேடையில் வேலை முடித்து உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் உள்பனியனை மாற்ற முடியாது, தெரியும். ஆனால் ஷிஃப்டின் நடுவில் ஒரு தடவை மாற்றலாம். பையில் ஒரு பனியனும் ஒரு ஜோடி சாக்ஸும் கூடுதலாக இருந்தால் பிற்பகல் வேலை வேறு மாதிரி இருக்கும்.

'மைனஸ் 40' என்ற அட்டை

அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. எத்தனை நேரத்துக்கு மைனஸ் 40? பெட்டி தூக்கும் ஆளுக்கா, பெட்டிகளைத் தூக்கி வைக்கும் ஸ்டேக்கர் வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கா? பெட்டி அடுக்குபவர் உடம்பு, உட்கார்ந்து ஓட்டுபவர் உடம்பைவிட இரண்டு மூன்று மடங்கு சூட்டை உண்டாக்கும். டிரைவருக்கு இதமாக இருக்கும் ஜெர்கின் லோடுமேனைக் கால் மணி நேரத்தில் வேர்க்க வைத்துவிடும். பிறகு நடுங்கவும் வைக்கும்.

நம்பத் தகுந்த அட்டை என்றால் ஐரோப்பியத் தர எண் இருக்கும். மைனஸ் 5-க்குக் கீழே வேலை செய்யும் உடைக்கு ஈஎன் 342. அதற்கு மேல், அதாவது சில் ரூம் (உறைய விடாமல் குளிர்ச்சியாக மட்டும் வைக்கும் அறை), பேக்கிங் ஹால் போன்ற இடங்களுக்கு ஈஎன் 14058. ஈஎன் 342 அட்டையில் பனிப்பூ படம் ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் மூன்று மதிப்புகள். முதலாவது 0.3 போல ஒரு தசம எண். அது சூடு தாங்கும் திறன், கூடுதலாக இருந்தால் நல்லது. அதை அடுத்து பி, சி, ஆர் என்று ஏதாவது ஒரு எழுத்து வரும். எந்த உள்ளுடையோடு சேர்த்துச் சோதித்தார்கள் என்பதை அந்த எழுத்து சொல்லும். அதாவது அந்த எண் ஜெர்கினுக்கு மட்டும் உரியது அல்ல. உள்ளே வெறும் பனியனோடு போட்டால் அட்டையில் உள்ள மதிப்பு உங்களுக்குக் கிடைக்காது. இரண்டாவது எண் காற்றுத் தடுப்பு: 1, 2, 3. ஃபேன் ஓடும் அறைக்கு 3 வேண்டும். மூன்றாவது தண்ணீர் தடுப்பு. அந்த இடத்தில் எக்ஸ் என்று இருந்தால் சோதிக்கவில்லை என்று பொருள். உறைநிலை அறைக்குள் தண்ணீர் கிடையாது என்பதால் எக்ஸ் இருந்தாலும் குற்றமில்லை. ஐஸ் அள்ளுபவருக்கு மட்டும் அது குறை.

ஃபேன் விஷயத்தை லேசாக எடுக்க வேண்டாம். மைனஸ் 20-ல் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 30 போல. மீனை மைனஸ் 18-ல் வைத்திருக்கும் கிடங்கும், மைனஸ் 35, 40-ல் காற்றை வேகமாக அடித்து உறைய வைக்கும் பிளாஸ்ட் அறையும் வாசலில் ஒரே மாதிரிதான் இருக்கும், உடம்புக்கு ஒரே மாதிரி இல்லை. முடிந்தவரை பிளாஸ்டில் ஃபேனை நிறுத்திவிட்டு ட்ராலியை எடுங்கள். நிறுத்த முடியாத இடத்தில் முகமும் மூடிய உடை இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது.

ஆன்லைனில் 'ஐஸ் ஃபிஷிங் சூட்' என்று ஒன்று வருகிறது. ஐஸும் மீனும் பெயரிலேயே இருப்பதால் நமக்கானது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். கனடா, பின்லாந்து பக்கம் உறைந்த ஏரியின் மேல் துளை போட்டு, மணிக்கணக்கில் ஆடாமல் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களுக்கான உடை அது. முட்டியில் பஞ்சுத் திண்டு, காற்றே புகாத மேல்துணி, ஐஸ் உடைந்து விழுந்தால் கொஞ்ச நேரம் மிதக்க உதவும் அடைப்பு எல்லாம் உண்டு. அங்கே அருமையான உடை. இங்கே ஸ்டேக்கர் டிரைவருக்கும், எண்ணிக்கை எடுத்துக்கொண்டு நிற்கும் சூப்பர்வைசருக்கும் ஒத்துவரும். லோடுமேனுக்கு வேண்டாம். அதில் உள்ள மிதக்கும் அடைப்பை நம்பி லைஃப் ஜாக்கெட்டை விட்டுவிடவும் கூடாது. தனியாகத் தரச் சான்று இல்லாதவரை அது லைஃப் ஜாக்கெட் ஆகாது.

கடையில் வைத்தே பார்க்க வேண்டியவை

பாரிமுனை சேஃப்டி கடைகளில் எடுத்தாலும் சரி, வேறெங்கு எடுத்தாலும் சரி, தெர்மலும் ஃபிளீஸும் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். வேர்க்கும், பரவாயில்லை. சட்டைக்கு மேல் போட்டுப் பார்த்து எடுத்த ஜெர்கின் ஃபிளீஸுக்கு மேல் அக்குளில் பிடிக்கும். பிடித்தால் பஞ்சு அமுங்கும், அமுங்கின இடத்தில் குளிர் நுழையும்.

இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் அது பைக் ஓட்டும் ஜெர்கின், பெட்டி அடுக்க ஆகாது. பின்பக்கம் பிட்டத்தை மூடும் நீளம் வேண்டும். அல்லது மார்பு வரை ஏறி, தோள்பட்டியில் தொங்கும் பிப் பேண்ட் வேண்டும். குனிந்து நிமிரும் வேலைக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. அடுத்து, தடித்த கிளவுஸ் போட்ட கையால் ஜிப்பை ஏற்றி இறக்குங்கள். முடியவில்லை என்றால் ஜிப் முனையில் நாடா கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஜிப்பே மெலிதான சுருள் பல்லாக இருந்தால் வாங்க வேண்டாம். அந்தப் பல்லுக்குள் ஐஸ் கட்டினால் இழுக்கும்போது பிய்ந்துவிடும். பெரிய பிளாஸ்டிக் பல், அதன் மேல் மூடும் ஒரு மடிப்புத் துணி, அந்த மடிப்புக்கு அழுத்தும் பட்டன். உலோக ஜிப் மோவாயில் பட்டால் தோலை இழுத்துப் பிடிக்கும்.

மேல்துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மறுபக்கம் காற்று வரக் கூடாது. பஞ்சைக் கட்டம் கட்டமாக வெளித்துணியோடு சேர்த்துத் தைத்திருந்தால் ஒவ்வொரு ஊசித் துளையும் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி. பஞ்சு உள்துணியோடு தைக்கப்பட்டு, வெளித்துணி தனியாக நிற்பதுதான் நல்ல அமைப்பு. பஞ்சை ஒரு பிடி பிடித்துக் கசக்கி விடுங்கள். உடனே எழும்ப வேண்டும். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தோள்பட்டையிலும் முழங்கையிலும் திட்டுத் திட்டாக வெளிச்சம் தெரியக் கூடாது. பறவை இறகு அடைத்தது எடை குறைவு, சூடு அதிகம், விலையும் அதிகம். ஆனால் ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். நம் வேலைக்கு பாலியெஸ்டர் பஞ்சு போதும், அதுவே சரி.

கையோரத்தில் பின்னல் துணி உள்ளே மறைந்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் நனையும், பிறகு உறையும். அக்குளுக்குக் கீழே ஜிப் வைத்த திறப்பு இருந்தால் லோடுமேனுக்கு அது வரம். பளபளக்கும் பட்டை முன்னும் பின்னும் இருக்கட்டும். கதவு திறக்கும்போது எழும் பனிமூட்டத்தில் ஸ்டேக்கர் டிரைவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்தப் பட்டைதான். கருநீலமும் கறுப்பும் அழுக்கு தெரியாது என்று எடுக்கிறார்கள். அந்த மூட்டத்தில் ஆளும் தெரியாது.

தொப்பி வைத்த ஜெர்கின் ஹெல்மெட்டோடு சேராது. தொப்பியின் ஓரம் பக்கவாட்டுப் பார்வையையும் மறைக்கும். மெல்லிய ஃபிளீஸ் குரங்குக் குல்லா, அதன் மேல் ஹெல்மெட். தடித்த கம்பளிக் குல்லாவுக்கு மேல் வைத்த ஹெல்மெட் ஆடும். அடிபடும்போது அது தலையில் இருக்காது.

ஐஸ் அள்ளுபவருக்கு வேறு உடை

காசிமேட்டு வேலைக்கு மேலே சொன்ன பஞ்சு ஜெர்கின் பொருந்தாது. இங்கே குளிர் 0 டிகிரியைச் சுற்றித்தான். ஆனால் ஐஸ் உருகுகிறது, தண்ணீர் சொட்டுகிறது, உப்புத் தண்ணீர் தெறிக்கிறது. இந்த இடத்தில் முதல் வேலை தண்ணீரைத் தடுப்பது. மழை உடைக்கான தரம் ஈஎன் 343. அட்டையில் குடை படத்தின் பக்கத்தில் உள்ள முதல் எண் தண்ணீர் தடுப்பு, இரண்டாவது வியர்வை ஆவி வெளியேறும் அளவு. இரண்டுமே கூடினால் நல்லது. இரண்டாவது எண் 1 என்றால் அரை மணியில் உள்ளே இருந்தே நனைவீர்கள்.

பிவிசி ரெயின் கோட் மலிவு, துவைக்க எளிது, மீன் எண்ணெயும் ஒட்டாது. படகுக்கு நல்லது. அதையே உறைநிலை அறைக்குப் போட்டுக்கொண்டு போனால் விறைக்கும், முழங்கை மடிப்பில் வெடிக்கும். பியூ (பாலியூரித்தேன்) பூச்சு போட்ட துணி குளிரிலும் மெத்தென்று இருக்கும். இரண்டு இடத்திலும் வேலை இருப்பவர் பியூ எடுக்கலாம்.

கிரஷர் பக்கம் நிற்பவருக்கு ஒரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. கழுத்தில் துண்டு வேண்டாம். மஃப்ளர், தொப்பிக் கயிறு, தொளதொள கை, லுங்கி, சேலை முந்தானை எதுவும் வேண்டாம். சுழலும் பல் துணியின் ஒரு நுனியைப் பிடித்தால், ஆள் சுதாரிப்பதற்குள் கையோ கழுத்தோ உள்ளே போய்விடும். தொப்பிக் கயிற்றை வாங்கின அன்றே உருவிப் போட்டுவிடுங்கள். கிளவுஸ் போட்ட கை என்ற தைரியத்தில் ஐஸ் பாரைக் கையால் உள்ளே தள்ளவும் கூடாது. கிளவுஸ் மாட்டினால் அது கையைக் காப்பாற்றாது, கையையும் சேர்த்து இழுக்கும். கொக்கி அல்லது நீண்ட கட்டை வைத்துத்தான் தள்ள வேண்டும்.

படகின் கிடங்குக்குள் இறங்குபவர்களுக்கு உடையைத் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும். பழைய மீன் கழிவும் தண்ணீரும் தேங்கி மூடிக் கிடந்த கிடங்கில் ஆளைச் சாய்க்கும் வாயு சேர்ந்திருக்கும், பிராணவாயு குறைந்திருக்கும். எந்த ஜெர்கினும் அதற்கு உதவாது. மூடியைத் திறந்து, காற்று ஓட விட்டு, மேலே ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள்.

படகிலும் படகுத்துறையிலும் நனைந்த கனமான உடையோடு தண்ணீரில் விழுவது தனி ஆபத்து. நம் கடல் ஆண்டு முழுக்க 25 முதல் 30 டிகிரி வரை இருக்கும், அதனால் குளிரில் உறைந்து போக மாட்டீர்கள். நீச்சல் தெரிந்த ஆளையும் கையை வீச விடாமல் செய்வது அந்த உடைதான். ஏறி வரும்போது தண்ணீர் குடித்த உடை ஆளைக் கீழே இழுக்கும். ரெயின் கோட்டுக்கு மேலே லைஃப் ஜாக்கெட், உள்ளே அல்ல. மிதக்க வைக்கும் விசை கரையோரத்துக்கு 100 நியூட்டன், தடித்த உடையோடு ஆழ்கடலுக்கு 150 நியூட்டன் என்று அட்டையில் பார்த்து எடுங்கள். கம்பூட்ஸ் காலை உதறினால் கழன்று விழும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

கை, கால்

விரல் தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பிடிமானம் போய்விடும். கத்தி நழுவும், பெட்டி நழுவும். குளிருக்கான கிளவுஸ் தரம் ஈஎன் 511. அதில் மூன்று எண்கள்: குளிர்காற்றுக்கு 0 முதல் 4, குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு 0 முதல் 4, தண்ணீருக்கு 0 அல்லது 1. உறைந்த பெட்டி தூக்குபவர் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். இறால் ஷெட்டில் இருப்பவர் மூன்றாவதை; அங்கே 0 என்றால் வேண்டாம்.

இறால் உரிக்கத் தடித்த கிளவுஸ் ஒத்துவராது, விரலுக்கு உணர்ச்சி தெரிய வேண்டும். உள்ளே மெல்லிய பின்னல் கிளவுஸ், மேலே நைட்ரைல் கிளவுஸ், அதுவும் ஒரு அளவு பெரியதாக. உள்கிளவுஸ் ஈரமானதும் மாற்ற இன்னொரு ஜோடி. கை கீழ்நோக்கி இருக்கும் வேலையில் சட்டைக்கை கிளவுஸுக்கு மேலே வர வேண்டும், தண்ணீர் வழிந்து வெளியே விழும். கை மேலே தூக்கும் வேலையில் நேர்மாறாக கிளவுஸ் சட்டைக்கைக்கு மேலே. ஏப்ரன் கம்பூட்ஸின் வாயைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும், பேண்ட் பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும். சேலைக் கரை நனைந்து காலைச் சுற்றிக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பதைவிட ஒரு வாட்டர்ப்ரூஃப் பேண்ட் எவ்வளவோ மேல். இதை முதலாளிகள் கணக்குப் பார்க்காமல் வாங்கித் தர வேண்டும்.

மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். உலோகம் குளிரைத் தோலுக்கு நேராகக் கொண்டுவரும், வீங்கின விரலில் மோதிரம் இறுகும்.

கம்பூட்ஸ் சரியான அளவில் எடுத்து இரண்டு சாக்ஸ் திணித்தால் இரத்த ஓட்டம் நிற்கும், கால் இன்னும் சில்லிடும். ஒரு அளவு பெரியது, ஒரு தடித்த சாக்ஸ், உள்ளே கழற்றக்கூடிய ஃபெல்ட் அட்டை. பியூ பூட்ஸ் பிவிசியைவிட எடை குறைவு, சூடும் அதிகம். ஐஸ் பார் 50 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும், காலில் விழுந்தால் விரல் நசுங்கும். அதனால் விரல் மூடி உள்ளது வேண்டும். உறைநிலை அறைக்கு ஸ்டீல் மூடியைவிட உலோகம் இல்லாத காம்போசிட் மூடி நல்லது, அது குளிரைக் கடத்தாது. குளிர் தாங்கும் அடிப்பாகம் என்றால் பூட்ஸில் சிஐ என்ற எழுத்து இருக்கும்.

0 டிகிரிக்குப் போகாமலேயே கால் கெடும். ஈரமான பூட்ஸுக்குள் 10, 15 டிகிரியில் மணிக்கணக்கில் இருந்தால் பாதம் வெளுத்து, சுருங்கி, மரத்துப்போகும். நாள்கணக்கில் தொடர்ந்தால் நரம்பையே கெடுக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்து, வேறு சாக்ஸ் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மரத்துப்போவதை உணரவே மாட்டார்கள், கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

விரல் நுனியோ காது மடலோ வெள்ளையாகி உணர்ச்சி போனால் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். வெளியே வந்து, 37 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடாத சூடு. சிவந்து வலி எடுப்பது நல்ல அறிகுறி. அரை மணியில் நிறம் திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள். அன்றைக்குத் திரும்பவும் குளிர் அறைக்குள் போகக் கூடாது.

அமோனியா

ஐஸ் ஃபேக்டரிகளிலும் பெரிய கிடங்குகளிலும் குளிரூட்ட ஓடுவது பெரும்பாலும் அமோனியா. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக் குழாய்க் கசிவால் தூக்கத்தில் எழுந்து ஓடியவர்களுக்கு அது கண்ணையும் தொண்டையையும் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. உடைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அமோனியா தண்ணீரில் வேகமாகக் கரையும். வியர்வையில் நனைந்த உடை அதைக் குடித்துத் தோலோடு வைத்திருக்கும். அக்குள், தொடை இடுக்கு முதலில் எரியும். கசிவில் மாட்டியவர் வெளியே வந்ததும் உடையைக் களைந்துவிட்டுக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். திரவமாகவே மேலே பட்டிருந்தால் துணி தோலோடு உறைந்து ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்காமல், தண்ணீர் ஊற்றி இளக்கிய பிறகு எடுங்கள். உள்ளுடை முடிச்சு போடாததாக, ஒரே இழுப்பில் கழற்ற முடிவதாக இருப்பது இதற்காகவும்தான்.

ஜெர்கினின் வெளிப் பையில் ஒரு விசில் இருக்கட்டும். போனை உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளிப் பையில் வைத்தால் குளிரில் பேட்டரி இறங்கிவிடும், கதவு மூடிக்கொண்ட நேரத்தில் உதவாது.

துவைப்பதும் வைப்பதும்

மீன் இரத்தம் பட்ட உடையைச் சுடுதண்ணீரில் போட்டால் கறையும் நாற்றமும் நிலைத்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், பிறகு 30 டிகிரியில் என்சைம் உள்ள சோப்புத்தூள். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். அது தெர்மலின் இழைகளில் படிந்து வியர்வையை வெளியேற்றும் குணத்தைக் கெடுக்கும். முறுக்கிப் பிழியவும் கூடாது, பஞ்சு ஓரத்தில் ஒதுங்கிவிடும். உப்புத் தண்ணீர் பட்ட நாளெல்லாம் ஜிப்பையும் பட்டனையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காய வைப்பது நிழலில், உட்புறம் வெளியே தெரியும்படி, ஃபேனுக்கு எதிரே. பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றினால் ராத்திரிக்குள் காய்ந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்தான் படகுக்காரர்களின் ரெயின் கோட்டுகள் பாழாகின்றன. மடித்து, பாலிதீன் கவரில் கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் போட்டுவிடுகிறோம். பியூ பூச்சைச் சூடும் ஈரமும் சேர்ந்து மெல்ல உடைக்கும். எடுக்கும்போது உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டும், பிறகு செதில் செதிலாக உரியும். உரிந்த பூச்சைத் திரும்ப ஒட்ட முடியாது, அந்த உடை முடிந்தது. உப்பு போகக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, மடிக்காமல் அகலமான ஹேங்கரில், காற்று போகும் இடத்தில் மாட்டி வையுங்கள். ஹேங்கரில் இடமில்லை என்றால் தளர்வாகச் சுருட்டிப் பருத்திப் பையில் போடலாம்.

பஞ்சு ஜெர்கினை எப்போது மாற்றுவது என்று கேட்பார்கள். தோள்பட்டையும் முதுகும்தான் முதலில் போகும், பெட்டி அழுத்தும் இடம். அங்கே இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் வெறும் இரண்டு துணி உரசுவது போல் தெரிந்தால் அதை உறைநிலை அறைக்கு அனுப்பாதீர்கள். சில் ரூம், பேக்கிங் ஹாலுக்கு இன்னும் ஒரு வருடம் வரும்.